அறுபத்து மூன்று என்று ஒட்டிய சுருள்

கடையைத் திறந்ததும் கடைக்காரர் செய்யும் முதல் வேலை, ஒயர் பற்றவைக்கும் சால்டரிங் அயர்னைச் சூட்டில் போட்டுவிட்டு, அது காய்வதற்குள் தரையைப் பெருக்கிவிடுவது. பத்தடிக்குப் பன்னிரண்டடி இடம். முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் ரிப்பேர் மேஜை. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர், சார்ஜர், பொம்மைக் கார் என்று எது வந்தாலும் பிரித்துப் பார்த்துவிடுவார். தொட்டால் துலங்கும் கை என்று அந்தத் தெருவில் பெயர்.

அந்தக் கடையில் சால்டர் ஈயம் இரண்டு விதமாக இருந்தது. மேஜை இழுப்பறைக்குள் ஒரு சுருள். அது அவர் கைக்கு. வெள்ளீயம் அறுபத்து மூன்று பங்கு, காரீயம் முப்பத்தேழு பங்கு, கம்பியின் நடுவில் பிசின். சூட்டில் வைத்தால் தண்ணீர் மாதிரி ஓடி, ஆறினால் கண்ணாடி மாதிரி மின்னும். முன்பக்க ஆணியில் தொங்கியவை வேறு. அவற்றின் மேலும் 63/37 என்றுதான் ஒட்டியிருந்தது. ஆனால் அவற்றைக் கொண்டுவந்து போட்ட மொத்த வியாபாரியே முதல் நாள் சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார்: "உள்ள வெள்ளீயம் முப்பது இருந்தாலே அதிகம் சார். லேபிளைப் பார்த்துத்தான் வாங்குறாங்க. உருக்கியா பார்க்கப்போறாங்க?"

நல்ல சுருள் விலை கூடுதல், கேட்டு வருபவர்கள் குறைவு. பக்கத்துக் கடையிலும் இதே மட்டச் சரக்குதான். பொம்மைக்கும் பொடி விளக்குக்கும் இது போதாதா என்று கடைக்காரர் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நாளடைவில் அந்தச் சமாதானமும் தேவைப்படவில்லை. பழகிவிட்டது.

ஒருநாள் காலை பத்து மணிவாக்கில் வாசலில் ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றது. அதில் இருந்தவர் மேட்டுத் தெருப் பள்ளியின் கணக்கு டீச்சர். பதினோரு வருடங்களுக்கு முன் முதுகுத்தண்டில் வந்த ஒரு கட்டியை எடுத்தபோது இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. தினமும் அக்காதான் அந்த மேடு ஏற்றி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவார். அன்றும் பின்னால் அக்கா நின்றிருந்தார், மூச்சு வாங்கிக்கொண்டு.

கடைக்காரர் இறங்கி வந்தார். "சொல்லுங்க டீச்சர்."

"அண்ணே, இந்த நாற்காலிக்கு நானே மோட்டார் மாட்டப்போறேன்." மடியில் ஒரு நோட்டு. அதில் கட்டம் போட்டு வரைந்த படங்கள், ஓரமாகக் கணக்குகள். "இருபத்து நாலு வோல்ட் பேட்டரி, ரெண்டு மோட்டார். சமதரையில பத்து ஆம்பியர். நம்ம மேடு ஏறும்போது முப்பது, முப்பத்தஞ்சு போகும்னு கணக்கு வருது."

"கணக்கு டீச்சர் போட்ட கணக்கு, தப்பா வருமா?"

"பாராட்டெல்லாம் இருக்கட்டும், இதைக் கேளுங்க. ஒயர் பென்சில் கனம் வாங்கிட்டேன். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவுல கனெக்டர். அதுல பத்தவைக்க எந்த ஈயம் வாங்கணும்? அவ்வளவு கரண்ட் போற இடம். கண்டதையும் வைக்கக்கூடாதுன்னு படிச்சேன்."

இதற்குப் பதில் அவருக்கு உறக்கத்திலும் வரும். இழுப்பறைக்குள் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும். அவர் கை ஒரு நொடி மேஜைப் பக்கம் போகவும் செய்தது. ஆனால் அந்தச் சுருளில் பாதிதான் மீதி. புதிது வர இரண்டு வாரம் ஆகும். இன்று மாலைக்குள் ஒரு ஆம்ப்ளிஃபயரை முடித்துத் தர வேண்டும். கை திரும்பி ஆணிக்குப் போனது.

டீச்சர் சுருளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அறுபத்து மூணு தானே அண்ணே?"

"அதான் ஒட்டியிருக்கே, டீச்சர்."

ஆமாம் என்று அவர் சொல்லவில்லை. ஒட்டியிருப்பதைத்தான் சொன்னார். அன்று முழுக்க அந்த வித்தியாசம் அவருக்குப் பெரிய வித்தியாசமாகத் தெரிந்தது.

நான்கு நாள் கழித்து டீச்சர் மறுபடி வந்தார். முகம் வாடியிருந்தது. "உருண்டை உருண்டையா நிக்குதண்ணே. ஒயர்ல ஏறவே மாட்டேங்குது. என் கைதான் சரியில்லையா?"

"அயர்ன் என்ன வாட்?"

"இருபத்தஞ்சு."

"அதான் பாருங்க. இவ்வளவு கனமான செம்பு, வச்ச சூட்டையெல்லாம் குடிச்சிரும். எண்பது வாட்டாவது வேணும், முனையும் பட்டையா இருக்கணும்." இது உண்மை. உண்மை ஒன்று கைக்குக் கிடைத்ததில் அவருக்கு நிம்மதி. தன் சொந்த எண்பது வாட் அயர்னையே எடுத்துக் கொடுத்தார். "ரெண்டு நாள் வச்சிருந்து குடுங்க. வாடகையெல்லாம் ஒண்ணும் வேணாம்." கூடவே ஒரு சின்ன டப்பாவையும் நீட்டினார். "இந்தப் பேஸ்டைத் தடவிட்டு வைங்க. கப்புனு புடிச்சுக்கும்."

அது தகரமும் குழாயும் ஒட்டுகிறவர்களுக்கான அமிலப் பேஸ்ட். மட்டமான ஈயத்தைக்கூடப் பிடிக்க வைக்கும். பிடித்த பிறகு உள்ளேயே தங்கிச் செம்பை அரிக்கும். கரண்ட் போகிற இடத்தில் அதைத் தொடவே கூடாது. அவர் தன் மேஜைக்கு அதை ஒருநாளும் எடுத்ததில்லை. அயர்னைக் கொடுத்த தாராள மனசுக்கு அந்தச் சுருளைக் கொடுக்க மட்டும் மனம் வரவில்லை. மனிதர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

அடுத்த வாரம் நாற்காலி ஓடியது. அக்கா பின்னால் இல்லாமல், டீச்சர் தனியாக, மடியில் பையுடன் கடை வாசல் வழியாக மேடு ஏறிப் போனார். கை காட்டினார். தெருவில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். அக்கா அன்று வீட்டில் உட்கார்ந்து, பதினோரு வருடத்தில் முதல்முறையாகக் காலை நேரத்தில் பத்திரிகை படித்தாராம்.

"எல்லாம் அண்ணன் குடுத்த சாமான்தான்" என்று டீச்சர் பள்ளியில் எல்லாரிடமும் சொன்னார். அதைக் கேட்டு இரண்டு மூன்று பேர் கடைக்கு வரவும் செய்தார்கள்.

ஐந்து வாரம் ஓடியது. ஆறாவது வாரம் ஒரு திங்கள்கிழமை காலை. மேட்டின் பாதியில், ஆஸ்பத்திரி மதிலை ஒட்டிப் போகும்போது டீச்சருக்கு ஏதோ கருகும் வாசனை வந்தது. மதிலுக்குப் பின்னால் குப்பை எரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். மோட்டார் ஒருமுறை திணறி, மறுபடி இழுத்தது. அவர் கைப்பிடியை இன்னும் அழுத்தினார்.

ஆஸ்பத்திரி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த துப்புரவுப் பணியாளர் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "அம்மா, காலு! உங்க காலைப் பாருங்கம்மா!"

டீச்சர் குனிந்து பார்த்தார். இருக்கைக்கு அடியில் புகை. உருகிய ரப்பர் வலது கெண்டைக்காலில் ஒட்டிக் கொப்பளித்துக்கொண்டிருந்தது. அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. அந்தக் கால்தான் பதினோரு வருடமாக எதையும் அவருக்குச் சொல்வதில்லையே. ஒயர் கழன்று விழுந்தது. இழுவை போனதும் நாற்காலி பின்னால் உருளத் தொடங்கியது. கீழே இருந்து ஒரு லாரி ஏறி வந்துகொண்டிருந்தது. டீச்சர் இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தார். ஓடிவந்த பணியாளர் நாற்காலியின் பின்னால் போய்த் தன் உடம்பையே முட்டுக்கொடுத்து நிறுத்தி, ஒரு கையால் பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தார்.

லாரி நின்றுவிட்டது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தீக்காயம். உணர்வில்லாத காலில் காயம் ஆற நாளாகும் என்றார் டாக்டர்.

செய்தி கேட்டுக் கடைக்காரரும் மனைவியும் மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டீச்சர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கருகிய கனெக்டரும் ஒயரும்.

"நீங்களே பார்த்துச் சொல்லுங்கண்ணே. நான் எங்க தப்பு பண்ணேன்? ஃபியூஸ்கூடப் போகலை."

கடைக்காரர் வாங்கிப் பார்த்தார். பார்க்கவே வேண்டியதில்லை. ஒயர் முனை, உறையிலிருந்து கத்தி உருவியது மாதிரி கழன்று வந்திருந்தது. ஒட்டியிருந்த ஈயம் சாம்பல் பூத்து, மணல் மணலாக இருந்தது. செம்பு இழைகளில் பேஸ்ட் அரித்த பச்சைக் களிம்பு. இணைப்பு சரியில்லாத இடத்தில் கரண்ட் முக்கி முக்கித்தான் போகும். அந்த முக்கல்தான் சூடு. போகிற கரண்ட் அளவுக்கு மீறாததால் ஃபியூஸுக்கு விஷயமே தெரிந்திருக்காது.

அக்கா சொன்னார்: "அவளுக்கு இனிமே இதெல்லாம் வேணாம்னு சொல்லிட்டேன். பழையபடி நானே தள்ளிக்கிட்டுப் போறேன். எனக்கென்ன, கை கால் நல்லாத்தானே இருக்கு."

டீச்சர் கடைக்காரரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சூடு கொஞ்சம் பத்தலை போல, டீச்சர்" என்றார் கடைக்காரர்.

"நினைச்சேன்" என்று டீச்சர் தலையை ஆட்டினார். "புஸ்தகத்தைப் படிச்சா மட்டும் போதுமா? கைப்பழக்கம் வேணும். எனக்கு அது இல்ல."

திரும்பி வரும் வழியில் மனைவி வேகமாக முன்னால் நடந்தாள். மத்தியானங்களில் கடையைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். எது எங்கே இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்.

"போன மாசம் நம்ம வீட்டு இன்வெர்ட்டர் ஒயரைப் பத்தவச்சீங்களே, எந்தச் சுருள்ல?"

அவர் சாவியை ஆணியில் மாட்டினார்.

"இழுப்பறையில இருந்து எடுத்தீங்க. நான் பக்கத்துலதான் நின்னுக்கிட்டிருந்தேன். நம்ம பிள்ளைங்க படுக்குற வீடுன்னு சொல்லிட்டு எடுத்தீங்க."

"அதுக்கு என்ன இப்ப?"

"ஒண்ணுமில்ல. அந்தப் பொண்ணு தன் கையைக் குறை சொல்லிக்கிட்டுப் படுத்திருக்கு. அதை நீங்க பார்த்துக்கிட்டு நின்னீங்க. நானும் நின்னேன். எனக்கு வெக்கமா இருந்துச்சு."

"சொன்னா கடை என்ன ஆகும்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன். சொல்லலைன்னா நாம என்ன ஆவோம்னும் யோசிச்சேன்."

அதன் பிறகும் கடைக்காரர் உடனே கிளம்பிவிடவில்லை. இரண்டு வாரம் தள்ளிப்போட்டார். அந்த நாட்களில் யார் ஈயம் கேட்டாலும் ஆணியிலிருந்து எடுக்கக் கை வரவில்லை. 'ஸ்டாக் இல்ல' என்று சொல்லி, சுருள்கள் தொங்குவதைப் பார்த்துவிட்ட ஒருவரிடம் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சட்டையை மாற்றிக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார்.

டீச்சர் ஜன்னலோரம் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். காலில் கட்டு. அக்கா நாற்காலி எடுத்துப் போட்டார். கடைக்காரர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். சுருளைப் பற்றிச் சொன்னார், பேஸ்டைப் பற்றிச் சொன்னார். இழுப்பறையைப் பற்றியும் சொன்னார்.

அக்காதான் முதலில் வெடித்தார். "எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தீங்க? என் தங்கச்சி லாரிக்கு அடியில போயிருப்பாளே! வெளிய போங்க முதல்ல!"

"இரு அக்கா." டீச்சர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். "அறுபத்து மூணு தானேன்னு கேட்டேனே. அப்ப உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஒட்ட மாட்டேங்குதுன்னு வந்தேனே. அப்ப?"

"தெரியும்."

"ஆஸ்பத்திரியில?"

"பார்த்ததுமே தெரியும், டீச்சர்."

"மூணு தடவை." டீச்சரின் குரல் உயரவில்லை. "காயம் ஆறிட்டிருக்குண்ணே, அதை விடுங்க. இருபது நாளா நான் என் கையைத் திட்டிக்கிட்டிருக்கேன். இந்த உடம்புல நான் நம்பிக்கிட்டிருந்தது அது ஒண்ணைத்தான்."

கடைக்காரர் மன்னிப்பு என்ற சொல்லை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தார். அதை இப்போது சொல்வது அபத்தமாகப் பட்டது.

"வேற யாருக்கெல்லாம் இதைக் குடுத்திருக்கீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"நிறைய பேருக்கு. சின்னச் சின்ன வேலைக்கு…"

"சின்ன வேலையை விடுங்க. பெரிய கரண்ட் போற வேலைக்கு?"

அவர் யோசித்தார். ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். பேட்டரி சைக்கிள் செய்த தபால்காரர். சோலார் விளக்கு போட்ட காவலாளி. பொம்மை விமானம் பறக்கவிடும் பல் டாக்டர். பாட்டுக் குழுவுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்த தச்சர்.

"அவங்களையெல்லாம் முதல்ல போய்ப் பாருங்க. அப்புறம் எங்கிட்ட வாங்க" என்று சொல்லிவிட்டு டீச்சர் தாளைத் திருத்தத் தொடங்கினார்.

கடைக்காரர் போனார். அது ஆஸ்பத்திரிக்குப் போனதைவிடக் கஷ்டமாக இருந்தது. பல் டாக்டர் சிரித்துவிட்டு, "அந்த விமானம் எப்பவோ மரத்துல மாட்டி உடைஞ்சிருச்சுங்க" என்றார். தச்சர் தெருவில் நிறுத்திவைத்துத் திட்டினார். காவலாளியின் வீட்டில் விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் பிரித்து, பழைய இணைப்புகளைச் சுத்தமாக வெட்டி, நல்ல ஈயத்தில் பற்றவைத்துக் கொடுத்தார். தபால்காரரின் சைக்கிளில் கைப்பிடிக்குக் கீழே உறை பழுப்பேறி இளகியிருந்தது. "ரெண்டு நாளா ஒரு மாதிரி வாசனை வருதுன்னு பார்த்தேன்" என்றார் தபால்காரர். அந்தச் சைக்கிளில் முன்னால் ஒரு குழந்தை இருக்கை இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்ததும் அங்கேயே பேட்டரி ஒயரைக் கழற்றி, நல்ல ஈயத்தில் பற்றவைக்கத் தொடங்கினார்.

மொத்த வியாபாரியிடம் மிச்சச் சுருள்களைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் முறைத்தார். "உங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு சார்? ஊரே விக்குது."

"விக்கட்டும். நான் விக்கலை" என்றார் கடைக்காரர். "இனிமே ஒரு துண்டை உருக்கிப் பார்க்காம எதையும் ஆணியில மாட்ட மாட்டேன்."

சில நாட்கள் வியாபாரம் படுத்தது. 'போலிக் கடை' என்று ஒருவர் இருவர் காதுபடவே பேசிக்கொண்டு போனார்கள். இவர் மறுக்கவில்லை.

கட்டுப் பிரித்த மறுவாரம், அக்கா தள்ளிக்கொண்டு வர, டீச்சர் கடை வாசலுக்கு வந்தார். மடியில் புது ஒயர், புது கனெக்டர். முகத்தில் சிரிப்பு இல்லை.

"நானேதான் பத்தவைப்பேன்" என்றார். "ஆனா இந்தத் தடவை நான் கேக்குற வரைக்கும் நீங்க காத்திருக்கக்கூடாது. உங்களுக்குத் தெரிஞ்சதையெல்லாம் நீங்களாச் சொல்லணும்."

கடைக்காரர் ஸ்டூலை வாசலுக்குக் கொண்டுவந்து போட்டார். புதிதாக வந்த சுருளை எதிரிலேயே பிரித்து, ஒரு துண்டை உருக்கிக் காட்டினார். ஓடிப் பரவி மின்னியது. "ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாத கம்பி எடுத்திருக்கேன். மெலிசா இருந்தா ஈயத்தை ஊட்டி முடியறதுக்குள்ள சூடு ஆறிடும். உள்ளயே பிசின் இருக்கு, வேற பேஸ்ட் எதுவும் வேணாம். முதல்ல ஒயருக்குத் தனியா ஈயம் குடிக்க வைங்க, கனெக்டருக்குத் தனியா வைங்க. அப்புறம் ரெண்டையும் சேர்த்துச் சூடு பண்ணுங்க. அயர்ன்ல ஈயத்தை உருக்கி ஊத்தாதீங்க. சூடான செம்பே அதை உருக்கணும். ஆறுற வரைக்கும் அசைக்கக்கூடாது. முடிஞ்சதும் கையைக் கழுவுங்க, இதுல காரீயம் இருக்கு."

"இன்னும்?"

"இணைப்பு கால் பக்கம் வேணாம், டீச்சர். முதுகுக்குப் பின்னால கொண்டு போயிடலாம். அதை நான் அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

டீச்சர் அயர்னை எடுத்தார். கடைக்காரர் உதவப் போகவில்லை. ஈயம் இழைகளுக்குள் இறங்கி மறைவதை மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். ஆறியதும் டீச்சர் ஒயரைப் பிடித்துத் தன் பலம் கொண்ட மட்டும் இழுத்தார். அசையவில்லை. மறுபடி இழுத்தார். பிறகு அக்காவிடம் நீட்டினார். அக்காவும் இழுத்துப் பார்த்தார், கொஞ்சம் கோபத்தோடுதான்.

"என் கை நல்லாத்தான் இருக்கு" என்றார் டீச்சர், யாரிடம் என்றில்லாமல்.

அவர் கடைக்காரரை மன்னித்தாரா என்று கேட்டால், அப்படி ஒரு வார்த்தை அன்று யாரும் சொல்லவில்லை. 'அண்ணே' என்று மட்டும் அன்று அவர் ஒருமுறையும் கூப்பிடவில்லை.

அந்த நேரத்தில் பேட்டரி டார்ச்சுக்கு ஒயர் வாங்க வந்த ஒருவர், வேடிக்கை பார்த்துக்கொண்டே கேட்டார்: "ஈயத்துல இவ்வளவு விஷயம் இருக்கா? எதை வச்சு ஒட்டினா என்னங்க? வாங்குறவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

கடைக்காரர் நிமிர்ந்தார். "வாங்குறவங்களுக்குத் தெரியாதுங்க. அதனாலதான் நம்மகிட்ட கேக்குறாங்க. விக்கிறவனுக்குத் தெரியும். தன் வீட்டுக்குக் கொண்டுபோக மனசு வராத ஒரு பொருளை அடுத்தவங்க கையில குடுத்துட்டு, தெரிஞ்சதைச் சொல்லாம நின்னா, அதுக்குப் பேரு வியாபாரம் இல்ல. வாயைத் திறந்து ஒரு பொய் சொல்லாமயே ஒரு உயிரை எடுத்துடலாம். நான் எடுக்கப் பார்த்தேன்."